மூச்சை எண்ணும் மீனவர்கள்: அமேசான் வெள்ளச் சமவெளியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிரருக்கு என்ற மீனுக்குத் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சு முட்டும். செவுள் இருக்கிறது, ஆனால் வளர்ந்த மீனுக்கு அது போதாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுத்தான் மறுபடி முங்கும். மூன்று மீட்டர் நீளமும் இருநூறு கிலோ எடையும் வரை வளரக்கூடிய மீன் அப்படி மேலே வந்தால் யார் கண்ணுக்கும் தப்பாது. ஓடத்தில் எறியீட்டியோடு காத்திருப்பவனுக்கு அந்த ஒரு நொடி போதும். இந்த மீன் அமேசானின் பெரும்பகுதியில் அருகிப்போனதற்கு அந்த மூச்சு ஒரு காரணம். பிறகு சில இடங்களில் அது மீண்டு வந்ததற்கும் அதே மூச்சுதான் காரணம்.

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் சொலிமோய்ஸ் ஆறும் ஜாப்புரா ஆறும் கூடும் இடத்திலுள்ள மாமிராவா காப்புப் பகுதி, அதற்குத் தென்மேற்கே ஜுருவா ஆற்றங்கரை ஊர்கள், இவை இரண்டும்தான் இந்த ஆய்வின் களம். ஆற்று மீனவர்கள் சூழல் மாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தாலே இந்த இடங்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்வார்கள். வெற்றிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சிக்கலை வென்றார்கள் என்று கேட்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஊர்மக்களே ஏரிகளைக் காத்து, பிரருக்கை எண்ணி, அதில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கும் ஏற்பாடு அது; மீன் தீர்ந்துபோன காலத்துக்காக உருவானது. இப்போது தீர்ந்துபோவது தண்ணீர். அந்த ஏற்பாட்டில் எது இதற்கும் தாங்கும், எது தாங்காது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏறி இறங்கும் ஆறு

ஆண்டீஸ் மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வரும் கலங்கல் ஆறுகளின் ஓரத்தில் இருக்கும் வெள்ளச் சமவெளியை அங்கே வார்சியா என்கிறார்கள். மாமிராவாப் பக்கம் ஆறு ஒவ்வோர் ஆண்டும் 10 முதல் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஜூன் வாக்கில் காடே தண்ணீருக்குள் நிற்கும். கிளைகளுக்கு நடுவே ஓடம் போகும். அக்டோபர் வாக்கில் அதே இடத்தில் காய்ந்த சருகின் மேல் நடந்து போகலாம். அப்போது தண்ணீர், ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவுகளில், அதாவது ஏரிகளில், ஒடுங்கிக் கிடக்கும். அந்த ஏரிகளையும் ஆற்றையும் குறுகலான ஓடைகள் இணைக்கும். இந்த ஓடைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவைதான் முக்கியம்.

மீனின் வாழ்க்கை இந்த ஏற்ற இறக்கத்தோடு பின்னியது. வெள்ளம் வந்தால் காட்டுக்குள் பரவும். தம்பாக்கி போன்ற மீன்கள் மரத்திலிருந்து உதிரும் பழத்தையும் விதையையும் தின்றே கொழுக்கும். தண்ணீர் வடியும்போது எல்லாம் ஏரிகளுக்குத் திரும்பும். வெள்ளத்தின் இந்த ஏற்ற இறக்கம்தான் மொத்த மீன்வளத்தையும் இயக்குகிறது என்று வொல்ஃப்காங் யுங்க்கும் அவருடைய சகாக்களும் 1989இல் ஒரு கோட்பாடாக எழுதினார்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இந்த மக்கள் ரிபெய்ரின்யோ எனப்படுபவர்கள். பூர்வகுடிகளின் வழியிலும், ரப்பர் வணிகம் கொழித்த காலத்தில் வடகிழக்குப் பிரேசிலிலிருந்து பிழைக்க வந்தவர்களின் வழியிலும் வந்தவர்கள். வீடுகள் தூண் மேல் நிற்கும், இல்லையென்றால் பெரிய மரக்கட்டைகள் மேல் மிதக்கும். வெள்ளம் வழக்கத்தைவிட அதிகமானால் தூண் வீட்டுக்குள்ளேயே பலகையடித்துத் தரையை உயர்த்திக்கொள்வார்கள். அதற்கு மரோம்பா என்று பெயர். மாட்டுக்கும் கோழிக்கும்கூடத் தனி மரோம்பா உண்டு. மரவள்ளியிலும் ஆறு மாதத்தில் விளைந்துவிடும் வகையைத்தான் தாழ்நிலத்தில் நடுவார்கள், அடுத்த வெள்ளத்துக்குள் பிடுங்கியாக வேண்டுமே. ஆக, மாறும் சூழலுக்கு ஏற்ப வாழ்வது இவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமல்ல. மாற்றத்துக்கு ஒரு கால ஒழுங்கு இருந்தது, அதை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

மீன் போன கதை

பழைய காலத்துப் பிடிப்பு எறியீட்டியும் தூண்டிலும்தான். பிடித்த பிரருக்கை அகலமான துண்டங்களாகக் கீறி உப்புப் போட்டுக் கருவாடாக்கி நகரங்களுக்கு அனுப்புவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது பெரிய வியாபாரம். இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு நைலான் வலை, டீசல் இயந்திரம், பனிக்கட்டி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. மனாஸ் நகரத்திலிருந்து பனிப்பெட்டியோடு வரும் பெரிய படகுகளுக்கு எந்த ஏரியும் தூரமில்லை என்றாகிவிட்டது. உள்ளூர்க்காரன் வீட்டுச் செலவுக்கு இரண்டு மீன் பிடிக்கும் ஏரியை அவர்கள் ஒரே வாரத்தில் வழித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பிரருக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வெள்ளம் ஏறும் மாதங்களில் முட்டையிட்டபின் ஆண் மீன்தான் குஞ்சுகளைக் காக்கும். அதன் தலை கறுத்துப்போகும். குஞ்சுக்கூட்டம் அந்தக் கறுத்த தலையை ஒட்டியே திரியும். தகப்பனைக் குத்தினால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. முதிர்ச்சியடைய மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும், ஒன்றரை மீட்டராவது வளர வேண்டும். இப்படிப்பட்ட மீன் கண்மூடித்தனமான பிடிப்பைத் தாங்காது.

எதிர்ப்பு 1980களில் கிளம்பியது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஊர்க்குழுக்கள் வழியாக ஆற்றங்கரை மக்கள் ஏரிகளைப் பிரித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்: இந்த ஏரி இனப்பெருக்கத்துக்கு, தொடக்கூடாது, இது வீட்டுத் தேவைக்கு, இது விற்பதற்கு. சட்டம் இதற்குத் துணையாக இல்லை. வெளிப்படகுகளோடு கைகலப்பெல்லாம் நடந்தது. பின்னால் வந்த அரசு ஏற்பாடு முழுவதும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானிகள் வந்து ஒழுங்கு கொடுத்தார்கள் என்று கதையைத் தொடங்குவது வசதியாக இருக்கும், ஆனால் சரியாக இருக்காது.

விஞ்ஞானிகளின் பங்கு வேறு. ஜோசே மார்சியோ ஐரஸ் என்ற உயிரியலாளர் இந்தக் காட்டில் வெள்ளை உவக்காரிக் குரங்கை ஆராய வந்தவர். அவருடைய முயற்சியால் 1990இல் மாமிராவா சூழலியல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வகைக் காப்பிடத்துக்குள் சட்டப்படி மக்கள் குடியிருக்கக்கூடாது. அங்கேயே பிறந்தவர்களை என்ன செய்வது? அவர்களை வெளியேற்றாமலேயே காப்பதற்கான புதுச் சட்ட வகையாக 1996இல் அது 'நிலைத்த வளர்ச்சிக் காப்புப் பகுதி' ஆனது. பிரேசிலில் அந்த வகையில் அதுதான் முதல். பரப்பு 11 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதே 1996இல் அமேசோனாஸ் மாநிலத்தில் பிரருக்குப் பிடிப்புக்கே தடை வந்தது. காகிதத்தில் தடை, மறைவில் பிடிப்பு தொடர்ந்தது. மீனவனுக்குத் தடையால் நட்டம், மீனுக்கோ இலாபமில்லை.

எண்ணிக்கை

இங்கேதான் மூச்சு வருகிறது. மீன் வளத்தை அளப்பது உலகெங்கும் தலைவலி பிடித்த வேலை. கண்ணுக்குத் தெரியாததை எண்ண வேண்டும். பிடிபட்டதை வைத்து மிச்சத்தை ஊகிப்பதுதான் வழக்கம். பிரருக்கு விஷயத்தில் மட்டும், மீன் தானாகவே மேலே வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறது. அதை எண்ணத் தெரிந்தவர்கள் யார்? அதைக் குத்தியே பிழைத்தவர்கள்.

லெயாந்த்ரோ கஸ்தெல்லோ என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் மாமிராவாவின் ஜராவா பகுதி மீனவர்களோடு சேர்ந்து இதை ஒரு முறையாக வகுத்தார். நடக்கும் விதம் இப்படி: தண்ணீர் வடிந்து மீன் ஏரிகளில் ஒடுங்கியிருக்கும் காலத்தில் எண்ணுவோர் ஏரிக்குப் போவார்கள். ஆளுக்கொரு பரப்பு, தன் கண்ணும் காதும் எட்டும் அளவுதான். ஓடத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு 20 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பார்கள். மேலே வரும் ஒவ்வொரு மீனையும் இரண்டு வகையில் ஒன்றாகக் குறிப்பார்கள்: ஒரு மீட்டருக்கு மேல் ஒன்றரை மீட்டருக்குள் இருப்பது இளசு, ஒன்றரை மீட்டருக்கு மேல் பெரிசு. 20 நிமிடம் முடிந்ததும் அடுத்த பரப்புக்கு நகர்வார்கள். முழு ஏரியும் இப்படியே.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரே மீன் அந்த 20 நிமிடத்தில் இரண்டு முறை மேலே வரலாம். அதை இரண்டாக எண்ணிவிடக்கூடாது. முதுகு தெரியும் விதம், வால் அடிக்கும் வேகம், காற்றை விழுங்கும் சத்தத்தின் கனம், எந்தத் திசையில் போனது என்பதையெல்லாம் வைத்து இது வேறு மீன், இது முன்பு வந்ததே என்று பிரிப்பார்கள். புதியவர்களால் முடியாது. எறியீட்டியில் தேர்ந்தவர்கள்தான் எண்ணிக்கையிலும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். மீனுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கிடும் வழக்கமான அறிவியல் முறையோடு இவர்கள் எண்ணிக்கையை ஒப்பிட்டார்கள். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. செலவும் நேரமும் மட்டும் பல மடங்கு குறைவு. கஸ்தெல்லோ இதை 2004இல் வெளியிட்டார்.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 'மரபறிவைப் போற்றுவோம்' என்று மேடையில் பேசுவது ஒன்று. அந்த அறிவைச் சோதனைக்கு உட்படுத்தி, அது தேறியபின் அரசின் அனுமதிச் சீட்டுக்கே அதை அடிப்படையாக்குவது வேறு. இங்கே நடந்தது இரண்டாவது.

எண்ணிக்கை இபாமா என்ற மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனத்துக்குப் போகும். எண்ணிய பெரிய மீன்களில் அதிகபட்சம் 30 விழுக்காட்டை மறு ஆண்டு பிடிக்க அனுமதி வரும். 1.5 மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. டிசம்பர் 1 முதல் மே 31 வரை தடைக்காலம். பிடித்த மீன் ஒவ்வொன்றையும் அளந்து, எடை போட்டு, ஆணா பெண்ணா என்று எழுதி, எண் பொறித்த முத்திரைப் பட்டை ஒன்றை மாட்டுவார்கள். பட்டை இல்லாத மீன் திருட்டு மீன். 1999இல் ஜராவாவில் இந்த முறையில் முதல் பிடிப்பு. எட்டு ஆண்டுகளில் அங்கே பிரருக்கு ஒன்பது மடங்கு பெருகியது. ஒதுக்கீடு பத்து மடங்கு கூடியது.

ஜுருவா ஆற்றில் இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைத்தது. சுமார் 500 கிலோமீட்டர் ஆற்றுத் தொலைவில் 83 ஏரிகளைப் பார்த்து ஜோவாவ் கம்போஸ் சில்வாவும் கார்லோஸ் பெரஸும் 2016இல் எழுதிய ஆய்வு அது. ஊர் மக்கள் காக்கும் ஏரிகளில் சராசரியாக 305 பிரருக்கு. யாரும் வந்து பிடிக்கலாம் என்று திறந்து கிடந்த ஏரிகளில் 9. ஒரே ஆறு, ஒரே வானிலை, ஒரே காடு. காத்த ஏரி ஊருக்குச் சேமிப்புக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஊருக்குப் படகு இயந்திரம் என்று பொதுச் செலவு வந்தால் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஓர் ஊருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் வருமானம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

பெண்களுக்கும் இதில் ஒரு மாற்றம். முன்பும் அவர்கள் மீன் வேலை செய்தவர்கள்தான். காசு மட்டும் ஆண்கள் கைக்குப் போனது. இப்போது குடல் எடுப்பது, அளப்பது, பதிவேடு எழுதுவது, காவலுக்கு நிற்பது எல்லாம் பங்குக் கணக்கில் ஏறுவதால் பணம் அவர்கள் பெயரிலேயே வருகிறது.

(இடையில் ஒன்று. பெருவின் பண்ணைகளிலிருந்து தப்பிய இதே மீன் பொலிவியாவின் ஆறுகளில் 1970களிலிருந்து அழையாத விருந்தாளியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் பிடிபட்டுச் செய்தியான அரபைமாவும் இதே இனம்தான். ஓரிடத்தில் காக்க வேண்டிய மீன் இன்னோரிடத்தில் அகற்ற வேண்டிய மீன்.)

காவல்

எண்ணிக்கை ஆண்டுக்கு ஒருமுறை. காவல் ஆண்டு முழுக்க, இரவும் பகலும். ஏரியின் வாயில், ஓடை ஆற்றில் சேரும் இடத்தில், மிதக்கும் குடில் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். குடும்பங்கள் முறை வைத்துக் காவலுக்கு வரும். அந்த நாட்களில் வயல் வேலை கிடையாது, வேறு மீன்பிடிப்பு கிடையாது. எரிபொருள் சொந்தச் செலவு அல்லது சங்கச் செலவு. திருட வருபவர்கள் சில இடங்களில் துப்பாக்கியோடு வருகிறார்கள். பெரு எல்லையை ஒட்டிய ஜாவாரிப் பள்ளத்தாக்கில் 2022 ஜூன் 5 அன்று பூர்வகுடி விவகார வல்லுநர் புருனோ பெரெய்ராவும் பத்திரிகையாளர் டாம் ஃபிலிப்ஸும் கொல்லப்பட்டதன் பின்னணி சட்டவிரோத மீன்பிடிதான். அதில் பிரருக்கும் உண்டு. அது வேறு ஆறு, வேறு பகுதி. ஆனால் ஓடத்தில் டார்ச் விளக்கோடு காவல் நிற்பவருக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காவலுக்கு நேரடிச் சம்பளம் இல்லை. மீன் விற்ற பணத்தில்தான் எல்லாம் அடங்க வேண்டும். விலையோ கைக்கு வருவதில்லை. அனுமதி பெற்ற மீன் முழுவதும் ஆண்டின் சில மாதங்களில் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. திருட்டு மீன் காவல் செலவு எதுவும் இல்லாமல் ஆண்டு முழுக்க மலிவாக வருகிறது. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? இதை உடைக்கத்தான் ஜுருவாவின் கரவாரி உற்பத்தியாளர் சங்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 'கோஸ்தோ த அமசோனியா' என்ற கூட்டுப் பெயரில் ரியோ டி ஜெனீரோ, சாவ் பாலோ உணவகங்கள் வரை நேரடியாக விற்கத் தொடங்கின. நல்ல முயற்சி. ஆனால் மீனை உறையவைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுசேர்க்கும் செலவு சாதாரணமல்ல. அதுவும் சாலையே இல்லாத ஊர்களிலிருந்து, ஆற்று வழியாக மட்டுமே.

ஆறு இருக்கும்வரை சரி.

2021, 2023, 2024

சொலிமோய்ஸோடு நெக்ரோ ஆறு கூடும் இடத்தருகே, மனாஸ் துறைமுகத்தில், நெக்ரோவின் மட்டத்தை 1902 முதல் குறித்துவருகிறார்கள். 2021 ஜூனில் அது 30.02 மீட்டரைத் தொட்டது, அதுவரை காணாத உயரம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கியது, அதுவரை காணாத தாழ்வு. அடுத்த ஆண்டே, 2024 அக்டோபரில், அதையும் தாண்டி 12.1 மீட்டர் அளவுக்குப் போனது. நூற்றிருபது ஆண்டுப் பதிவில் உச்சமும் அடியும் நான்கே ஆண்டுகளுக்குள்.

2023 வறட்சியில் எல் நினோவுக்கும் பங்கு உண்டு. ஆனால் மழைக் குறைவோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், மண்ணும் ஆறும் அந்த அளவுக்கு வறளும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் சுமார் 30 மடங்கு கூட்டியிருக்கிறது என்று 'வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்' ஆய்வுக்குழு 2024 ஜனவரியில் சொன்னது. மாமிராவா ஆய்வு நிறுவனம் இருக்கும் தெஃபே ஊரின் ஏரியில் அந்தச் செப்டம்பர், அக்டோபரில் தண்ணீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. மேலே மட்டுமல்ல, அடிவரைக்கும் அதே சூடு. நன்னீர் ஓங்கில்கள் (டால்பின்கள்) இருநூறுக்கும் மேல் செத்து மிதந்தன. உலகம் அந்தப் படங்களைத்தான் பார்த்தது.

பிரருக்குக்கு இதில் ஒரு சலுகை இருப்பதுபோலத் தோன்றும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மற்ற மீன்கள் வாயைப் பிளந்து சாகும். இது மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும். உண்மைதான். ஆனால் சூட்டிலிருந்து மூச்சு காப்பாற்றாது. முழங்கால் தண்ணீரில் நூறு மீன் முட்டி மோதிக்கொண்டிருக்கும் குட்டையில் திருடனுக்கு வலைகூடத் தேவையில்லை.

மீனைவிடப் பெரிய அடி வாங்கியது, மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கும் அந்த ஓடைகள்தான்.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஏரியில் குத்திய மீன் எழுபது, எண்பது கிலோகூட இருக்கலாம். அதை ஓடத்தில் ஏற்றி ஓடை வழியாக ஆற்றுக்குக் கொண்டுவந்து, மிதவை மேடையில் குடல் எடுத்து, கழுவி, அளந்து, பட்டை மாட்டி, பனிக்கட்டியில் அடுக்க வேண்டும். வெயிலில் இதற்கு உள்ள நேரம் சில மணி மட்டுமே. ஓடையில் தண்ணீர் இருந்தால் முடிகிற காரியம். ஓடை வற்றி இடுப்பளவு சேறாகிவிட்டால் ஓடத்தை இழுக்க வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் கம்பில் கட்டித் தோளில் தூக்க வேண்டும். அந்த மீனை அப்படி எத்தனை தடவை தூக்க முடியும்? ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால், பனிக்கட்டி ஏற்றி வரவேண்டிய பெரிய படகு மணல்திட்டைத் தாண்ட முடியாமல் கீழே எங்கோ நிற்கும். 2023இலும் 2024இலும் பல ஊர்களால் அனுமதித்த ஒதுக்கீட்டை முழுதாகப் பிடிக்க முடியாமல் போனது இப்படித்தான். ஏரியில் மீன் இருந்தது. அதற்கு அனுமதியும் இருந்தது.

சரி, தண்ணீர் இருக்கும்போதே, ஜூலையிலோ ஆகஸ்டிலோ போய்ப் பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு. அந்த மாதங்களில் மீன் இன்னும் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும்; தேடிப் பிடிக்க நாளும் எரிபொருளும் இரட்டிப்பு. தண்ணீர் வடிந்து மீன் ஏரிக்குள் அடைபடும் நேரத்தில் பிடிப்பது எளிது, ஆனால் வெளியே கொண்டுவர முடியாது. முன்பெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே மீனும் அடைபட்டு, ஓடையும் ஓடும் சில வாரங்கள் கிடைக்கும். ஆறு வேகமாக இறங்கும் ஆண்டுகளில் அந்த வாரங்கள் சுருங்கிவிடுகின்றன. நவம்பர் 30 வந்தால் பருவம் முடிந்தது. தாமதமாக மழை வந்து டிசம்பரில் ஓடை மறுபடி ஓடினால் தடைக்காலம் தொடங்கியிருக்கும்.

எண்ணிக்கைக்கும் இதே இடைஞ்சல். எண்ணுவது வறண்ட பருவத்தில். ஏரிக்குப் போகவே முடியாவிட்டால் எண்ண முடியாது. எண்ணாவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை. போய் எண்ணிவிட்டாலும், அதன்பின் தண்ணீர் இன்னும் வற்றி மீன் செத்தால் கையில் இருப்பது செத்த மீனையும் சேர்த்த கணக்கு. மற்ற ஏரிகளிலிருந்து ஒரே ஆழமான ஏரிக்கு மீன் ஒதுங்கியிருந்தால் அந்த ஏரி மட்டும் செழித்ததுபோலக் காட்டும். ஒரே ஒழுங்கில் ஏறி இறங்கும் ஆற்றை நம்பி வகுத்த முறை இது. அந்த ஒழுங்கு குலைந்தால் எண்ணுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் எண் பொய் பேசும்.

எது தாங்குகிறது

ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எளிதில் வற்றாத ஏரிகளில் முதலில் பிடிப்பது, தொலைவில் உள்ளவற்றை அந்த ஆண்டுக்கு விட்டுவிடுவது என்று வரிசையை மாற்றலாம். குடல் எடுக்கும் மேடையை ஏரிக்கு அருகில் கொண்டுபோகலாம். சுமை அங்கேயே குறையும். ஆற்றங்கரையிலேயே பனிக்கட்டி செய்யவும் உறையவைக்கவும் வசதி இருந்தால் படகுக்காகக் காத்திருக்க வேண்டாம். இவையெல்லாம் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் உள்ள ஊர்களில்தான் சாத்தியம். அந்தப் பழக்கத்தைத் தந்தது இருபத்தைந்து ஆண்டு ஏரிக் காவல். பிரருக்கு மேலாண்மையின் உண்மையான விளைச்சல் மீன் எண்ணிக்கையைவிட இதுதான் என்பது என் கணிப்பு. காவலே இல்லாத ஏரிகளின் கரையில் இருப்பவர்களுக்கு வறட்சி வந்தபோது கலந்து பேசக்கூட ஓர் அமைப்பு இல்லை.

ஆனால் அமைப்பால் மட்டும் தாண்ட முடியாதவை உண்டு. அமேசானின் இன்னொரு கிளையாறான மதெய்ராவில் சாந்தோ அந்தோனியோ, ஜிராவ் என்ற இரண்டு பெரிய அணைகள் 2010களில் இயங்கத் தொடங்கியபின், கீழே ஹுமைத்தா பக்கத்து மீனவர்களின் பிடிப்பு விழுந்தது. அங்கே ஏரியைக் காத்து என்ன பயன், வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தையே அணை மாற்றிவிட்டதே. வறட்சியும் அதே மாதிரிதான். ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஆற்றை ஏற்ற முடியாது.

அரசு கைவைக்கக்கூடிய இடங்கள் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று நாள்காட்டி. ஜூன் 1, நவம்பர் 30 என்ற தேதிகள் எல்லா ஆண்டுகளுக்கும் எல்லா ஆறுகளுக்கும் பொது. மீன் முட்டையிடுவது தேதி பார்த்து அல்ல, தண்ணீர் ஏறுவதைப் பார்த்து. ஆற்று மட்டத்தை ஒட்டி அந்தந்த ஆற்றுப் படுகைக்குப் பருவத்தைத் திறக்கவும் மூடவும் வழி இருந்தால் இழந்த வாரங்களில் சில திரும்பக் கிடைக்கும். அளவுகோல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் பதிவும் இருக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு முறையும் தேதியைத் தள்ளிக்கொடுத்தால் குஞ்சு காக்கும் ஆண் மீனின் காலத்துக்குள் கை நீளும். அதனால் நீட்டிப்பு என்பது தண்ணீர் ஏறத் தொடங்கும்வரைதான் என்று வரம்பு கட்ட வேண்டும்.

இன்னொன்று காவலுக்குக் கூலி. தடைக்காலத்தில் மீனவர்களுக்கு மாதம் ஒரு குறைந்தபட்ச ஊதியம் தரும் திட்டம் பிரேசிலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2023 வறட்சியின்போது அதற்கு மேல் வடபகுதி மீனவர்களுக்கு ஒரே தவணையாக 2,640 ரெயால், அதாவது இரண்டு மாதக் குறைந்தபட்ச ஊதியம், தரப்பட்டது. அவசரத்துக்கு உதவியது. ஆனால் இரண்டுமே மீன் பிடிக்காமல் இருந்ததற்கான பணம். ஏரியைக் காத்ததற்கான பணம் அல்ல. ஒதுக்கீடு பிடிபடாத ஆண்டில் காவல் செலவை ஈடுகட்ட வேறு வருமானம் இல்லை. ஆனால் அதே ஆண்டில்தான், மீன் குட்டையில் அடைபட்டுக் கிடப்பதால், காவல் அதிகம் தேவைப்படுகிறது. தொடர்ந்து இரண்டு வறட்சி வந்த ஊரில் இளைஞர்கள் முறைக்காவலை விட்டுவிட்டுத் தெஃபேக்கோ மனாஸுக்கோ வேலை தேடிப் போனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாவது வறட்சிக்கு முன் அந்த மிதக்கும் குடிலில் இருப்பவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றை யார் தருவது, மத்திய அரசா, மாநிலமா, மீனை வாங்கும் நகரமா என்பதைப் பேசி முடித்தாக வேண்டும்.